ரசம் போகாத கண்ணாடி: பழைய விளக்குக் கண்ணாடி சேகரிக்க டர்பனிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஆயா வீட்டு லவுஞ்சில் ஒரு காக்டெயில் கேபினெட் இருந்தது. அந்த வீட்டில் யாரும் குடித்ததில்லை. கல்யாணத்துக்கு வந்த டீ செட்டும், தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் கிண்ணங்களும்தான் உள்ளே இருக்கும். முன்பலகையைச் சாய்த்தால் ஒரு குட்டி பல்பு தானாக எரியும். பின்னால் பதித்த கண்ணாடியில் ஆறு கிண்ணம் பன்னிரண்டாகத் தெரியும். ஆயா போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது யாரோ அதைப் பக்கியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். (இங்கே தென்னாப்பிரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பெயர் பக்கி. சிரிக்காதீர்கள்.) அந்தக் கேபினெட்டைத் தேடப் போய்த்தான் நான் விளக்குக் கண்ணாடிகளில் சிக்கினேன். கேபினெட் இன்னும் கிடைக்கவில்லை. கண்ணாடிகள் பதினொன்று சேர்ந்துவிட்டன.

1950 முதல் 1975 வரையிலான காலத்துச் சுவர்க் கண்ணாடி, அதிலேயே விளக்கும் சேர்ந்தது: அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். இதில் நீங்கள் வாங்குவது ஒரு பொருளல்ல, மூன்று: ரசம் பூசிய கண்ணாடி, சட்டம், வயர். ரசம் போனால் திரும்பக் கொண்டுவர முடியாது. வயரை மாற்றினால் மதிப்பு குறையாது. ஆகவே ரசத்தைத் தொடாதே, வயரை நம்பாதே. நான் இரண்டையும் தலைகீழாகச் செய்து பணம் இழந்தவன்.

எந்த வகை வேண்டும்?

எல்லா வகையையும் ஒரே நேரத்தில் துரத்தினால் வீடு குப்பைக் கிடங்காகிவிடும். முதலில் ஒன்றைப் பிடியுங்கள்.

அதிகம் கண்ணில் படுவது வட்டக் கண்ணாடி. சுற்றிலும் பித்தளைக் கம்பிகளோ, வெள்ளைத் தகடோ, பிளெக்ஸிகிளாஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) வளையமோ இருக்கும். பின்னால் நான்கைந்து சின்ன பல்புகள் மறைந்திருக்கும்; எரியவிட்டால் சுவரில் ஒளிவட்டம் விழும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நிறையச் செய்தார்கள். வியன்னாவின் கால்மர், ஜெர்மனியின் ஹில்லெபிராண்ட் போன்ற விளக்குக் கம்பெனிகளின் பெயர் இந்த வகையோடு அடிக்கடி ஒட்டிவரும். அந்த ஒட்டு எவ்வளவு உறுதியானது என்பதை விலைப் பகுதியில் சொல்கிறேன்.

ஸ்வீடன் கண்ணாடிகள் அடக்கமானவை. தேக்குச் சட்டம், ஓரத்தில் மெலிதான ஒளி, அவ்வளவுதான். கிளாஸ் மேஸ்டர் மார்க்கரிட் என்ற லேபிள் பின்பலகையில் இருந்தால் சந்தோஷப்படலாம். இத்தாலிக்காரர்கள் வேறு ரகம். ஃபொன்டானா ஆர்தே போன்ற கம்பெனிகள் வண்ணக் கண்ணாடியைச் செதுக்கி விளிம்பாக வைத்தன. 1970இல் எத்தோரே சோட்சாஸ் என்ற வடிவமைப்பாளர் போல்ட்ரோனோவா கம்பெனிக்காக வடிவமைத்த 'உல்ட்ராஃப்ராகோலா' ஆள் உயரத்துக்கு அலை அலையான வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் கொண்டது. உள்ளே இளஞ்சிவப்பு ஒளி. இன்று அதன் நகல்கள் எங்கும் கிடைக்கின்றன. குறைந்த விலையில் 'அசல்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

1970களின் அலிபேர் கம்பெனிப் பிளாஸ்டிக் குளியலறைக் கண்ணாடிகளும் உண்டு. ஆரஞ்சு, பழுப்பு, வெள்ளை நிறங்களில், பக்கவாட்டில் பல்புகளோடு. பிரான்ஸில் வீட்டுக்கு வீடு இருந்தவை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதைத்தான் சொல்வேன். விலை குறைவு, தப்புப் பண்ணினாலும் மனம் வலிக்காது.

சுவரை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்

கண்ணாடியின் எடையைக் கணக்கிடுவது சுலபம். ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மி.மீ. தடிமனுக்கும் 2.5 கிலோ. 60 செ.மீ. விட்டமுள்ள 6 மி.மீ. வட்டக் கண்ணாடி என்றால் கண்ணாடி மட்டும் நாலேகால் கிலோ வரும். பித்தளைச் சட்டம், பின்தகடு, சோக் எல்லாம் சேர்ந்தால் அதுபோல் இரண்டு மடங்கு. செங்கல் சுவரா, ஜிப்சம் பலகைத் தடுப்பா என்று தட்டிப் பாருங்கள். பிளக் பாயின்ட் எங்கே இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். வயர் சுவர் முழுக்கத் தொங்கினால் எவ்வளவு அழகான கண்ணாடியும் ஆஸ்பத்திரி உபகரணம் மாதிரித்தான் இருக்கும்.

டர்பனில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: கடல். உப்புக் காற்று நேராக அடிக்கும் அறையில் ரசம் நீடிக்காது. மழையில் ஊறும் வெளிச்சுவரும் வேண்டாம். உள்சுவராகப் பார்த்து ஒதுக்குங்கள்.

எங்கே தேடுவது

டர்பனின் பெரீயா, மஸ்கிரேவ் பக்கத்துப் பழைய பிளாட்டுகளை வயதானவர்கள் காலி செய்யும்போது வெளிவரும் சாமான்கள்தான் நல்ல ஊற்று. அவற்றில் பாதி ஹாஸ்பிஸ், எஸ்.பி.சி.ஏ. (விலங்கு நலச் சங்கம்) போன்ற தொண்டு அமைப்புகள் நடத்தும் பழைய சாமான் கடைகளுக்குப் போகும். அங்கே விளக்கு எரியவில்லை என்றால் வெறும் கண்ணாடி விலைதான் போடுவார்கள். எனக்கு அது லாபம். கேப் டவுன் போனால் வாரக்கடைசியில் மில்னர்ட்டன் சந்தைக்குச் சீக்கிரமே போய்விடுங்கள். ஏலத்தில் எடுப்பதானால் கூவும் விலைக்கு மேல் வாங்குபவர் தரும் கமிஷன் உண்டு, அதை முதலிலேயே கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியும் சேரும். பாதி வழியில் உடைந்தாலும் கட்டிய வரி கட்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு காப்பீடு எடுங்கள்.

நம்மவர்கள் வீடுகளை மறந்துவிடாதீர்கள். 1960களில் நிறவெறி அரசால் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து இந்தியர்களுக்கென ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குக் குடிபெயர்க்கப்பட்ட குடும்பங்கள் எடுத்துவர முடிந்த சாமான்கள் கொஞ்சம்தான். அதில் இம்புயா மர டிரெஸ்ஸிங் டேபிள் ஒன்று தப்பி வந்திருந்தால், அதன் மூன்று மடிப்புக் கண்ணாடிக்கு மேல் ஒரு நீள விளக்கு பொருத்தியிருக்கலாம். இங்கே பேரம் பேசாதீர்கள். டீ குடியுங்கள், கதை கேளுங்கள், அவர்கள் கொடுக்க விரும்பினால் சொல்வார்கள். கொடுக்கிற விலையை ஒழுங்காகக் கொடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. சர்ரே மேன்ஷன்ஸ், பெரீயா கோர்ட் மாதிரி 1930களின் ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணிக் கட்டடங்கள் டர்பனில் நிறைய. அப்படி ஒரு கட்டடத்தின் நுழைவறைச் சுவரில் பதித்த கண்ணாடியை 'கழற்றித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில் அனுமதியில்லாமல் மாற்றம் செய்யக் கூடாது என்று 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுச் சட்டம் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், அது அந்தச் சுவரில் இருந்தால்தான் அழகு.

முன்பக்கம் பார்ப்பது

ஒரு டார்ச், ஒரு நாணயம், ஒரு காந்தம். இவை மூன்றும் பையில் இருக்கட்டும்.

நாணயத்தைக் கண்ணாடிமேல் வையுங்கள். நாணயத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் இடையில் தெரியும் இடைவெளி, கண்ணாடி தடிமனாக இருக்க இருக்க அதிகமாகும். பக்கத்தில் ஒரு புதிய மலிவுக் கண்ணாடியை வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே பிடிபடும். அப்புறம் சாய்வாக நின்று ஜன்னல் கம்பியின் பிம்பத்தைப் பாருங்கள். கம்பி லேசாக நெளிந்தால், உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுத் தயாரிக்கும் ஃப்ளோட் முறைக்கு வெளியே செய்த பழைய கண்ணாடியாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த முறையை பில்கிங்டன் 1959இல்தான் அறிவித்தது. நெளியவில்லை என்றால் புதியது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே தேய்த்து மெருகேற்றிய கண்ணாடி நேராகத்தான் இருக்கும்.

ரசத்துக்கு வருவோம். பெயர்தான் ரசம், பாதரசம் இதில் கிடையாது. ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்ட வினையிலிருந்து வளர்ந்த முறையில் வெள்ளியைப் படியவைப்பார்கள். அதன்மேல் செம்பு, அதன்மேல் பெயின்ட். ஈரமோ கந்தகமோ விளிம்பு வழியாக நுழைந்தால் வெள்ளி கறுத்துவிடும். ஆகவே உண்மையான முதுமை ஓரத்திலிருந்துதான் உள்ளே ஊரும். அடிவிளிம்பில் அதிகம் இருக்கும், ஏனென்றால் துடைக்கிற தண்ணீர் அங்கேதான் வடிந்து நிற்கும். பல்பின் சூடு படுகிற இடத்திலும் மங்கும். ஓரம் பளபளவென்று இருந்து நடுவில் மட்டும் அழகழகாகப் புள்ளிகள் தெரிந்தால் அது அமிலம் போட்டு வரவழைத்த வயசு.

ஓரத்துக் கறுப்பு எனக்குக் குறையாகத் தெரிவதில்லை. விரல் அகலம்வரை இருந்தால் வாங்குவேன். கையளவுக்குப் பரவியிருந்தால் சட்டத்துக்கு மட்டுமே விலை பேசுவேன்.

சட்டம் பித்தளை என்று சொன்னால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்புக்குப் பித்தளை முலாம். அதுவும் அந்தக் காலத்துப் பொருளாக இருக்கலாம், ஆனால் கடலோர ஊரில் துரு சீக்கிரம் முளைக்கும். பிளெக்ஸிகிளாஸ் வளையத்தில் பல்புக்கு நேரே மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பின்பக்கம்: உண்மை அங்கேதான் இருக்கிறது

கடைக்காரர் திருப்பிக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

முதலில் லேபிள். 'மேட் இன் வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சி.இ. முத்திரை 1993இல் வந்தது. அது அச்சடித்த லேபிள் தொழிற்சாலையிலேயே ஒட்டியதாக இருந்தால் '1960களின் அசல்' என்ற பேச்சுக்கே இடமில்லை. பின்பலகை எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஆக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து பல்பு ஹோல்டர். இங்கே பல்பை 'க்ளோப்' என்பார்கள், அப்படியே கேளுங்கள். சின்ன திருகு ஹோல்டர் ஈ14 என்றால் ஐரோப்பா. அழுத்தித் திருப்பிப் பூட்டும், இரண்டு முனை வைத்த பேயனெட் என்றால் பிரிட்டிஷ் அல்லது உள்ளூர்த் தயாரிப்பு. கம்பி போல் நீளமான, மஞ்சள் ஒளி தரும் குழல் பல்பு இருந்தால் அது ஓஸ்ராமின் லினெஸ்ட்ரா வகை. 30, 50, 100 செ.மீ. நீளங்களில் வந்தது. நடுவில் ஒரு காலா, இரண்டு ஓரத்திலும் காலா என்று பாருங்கள், மாற்று வாங்கும்போது வேண்டும். முகத்துக்கு இதைவிட இதமான வெளிச்சம் நான் பார்த்ததில்லை.

பல்புக்குப் பின்னால் சூடு தாங்க வெள்ளையோ சாம்பலோ நிறத்தில், நார் நாராகப் பிரியும் அட்டை இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலகத்துக்கே ஆஸ்பெஸ்டாஸ் தோண்டிக் கொடுத்த நாடு இது; 2008இல்தான் தடை வந்தது. வடக்கு கேப் சுரங்க ஊர்களில் அதன் தூசி எத்தனையோ பேரின் நுரையீரலைத் தின்றது. சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள், ஊதித் தூசி தட்டாதீர்கள். கனத்த பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்துவிட்டு, அதை அகற்ற உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்றால் கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். ரசத்தின்மேல் பூசிய பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

டியூப்லைட் வகையானால் சோக் பக்கத்தில் சின்ன உலோகப் பெட்டி போல் ஒரு கெபாசிட்டர் இருக்கலாம். 1970களின் இறுதி வரை செய்த பலவற்றில் பி.சி.பி. என்ற நச்சு எண்ணெய் இருந்தது. எண்ணெய் கசிந்த பிசுபிசுப்பு தெரிந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்.

விலை

வயர் புதிதாகப் போட எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே உங்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவைத்துக்கொண்டு, அதைக் கழித்துத்தான் விலை சொல்ல வேண்டும். கடையில் விளக்கு எரிகிறது என்பதற்காக ஒரு ராண்டுகூட ஏற்றிக் கொடுக்காதீர்கள். வடிவமைப்பாளர் பெயரைச் சொல்லி விலை ஏற்றினால் லேபிளையோ பழைய கேட்டலாக் பக்கத்தையோ கேளுங்கள். காட்ட முடியவில்லையென்றால் பெயருக்குக் காசில்லை. பொருளைப் பிடித்திருந்தால் பெயரில்லாத விலைக்கு வாங்குங்கள். என்னிடம் உள்ளவற்றில் மிக அழகானதற்கு எந்தப் பெயரும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவர

கண்ணாடியைப் படுக்க வைக்கக் கூடாது. நிற்க வைத்து, இரண்டு பக்கமும் போர்வை கொடுத்து, சீட்டோடு சேர்த்துக் கட்டுங்கள். பல்புகளைக் கழற்றித் தனியாக எடுத்துவாருங்கள். ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து என்3 சாலையில் வருவதானால் அவசரப்படாமல் பகலில் வாருங்கள்.

துடைப்பது, அதாவது முடிந்தவரை துடைக்காமல் இருப்பது

ஒரு வெள்ளிக்கிழமை. பெரியம்மா வீட்டுக்கு வந்திருந்தார். காமாட்சி விளக்கையும் குத்துவிளக்கையும் புளி போட்டுத் தேய்த்து முடித்த கையோடு, "இதுவும் பித்தளைதானே கண்ணு, இப்படி மங்கிக் கெடக்கே" என்று என் வியன்னாக் கண்ணாடியின் சட்டத்தையும் தேய்த்துவிட்டார். நான் வேலையிலிருந்து வந்தபோது சட்டம் கோயில் மாதிரி ஜொலித்தது. பித்தளைமேல் பூசியிருந்த பழைய லேக்கர் (பாதுகாப்பு மேற்பூச்சு) திட்டுத் திட்டாக உரிந்திருந்தது. புளித்தண்ணீர் விளிம்பு வழியாக உள்ளே இறங்கியிருந்தது. சில மாதங்களில் அடியோரம் முழுக்கக் கறுப்பு. பெரியம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே புளி, எலுமிச்சை, பிராஸோ பாலிஷ் எதுவும் சட்டத்தில் படக் கூடாது. அந்த மங்கல் பெரும்பாலும் லேக்கரின் நிறம்தான், அழுக்கல்ல. உலர்ந்த மென்துணி போதும். கண்ணாடிக்கு, துணியில் கொஞ்சம் காய்ச்சி வடித்த தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். எதையும் நேராகக் கண்ணாடியில் ஸ்ப்ரே செய்யாதீர்கள். அம்மோனியா கலந்த கிளீனர் வேண்டவே வேண்டாம். அது செம்புப் படலத்தை அரிக்கும். துடைத்த பிறகு அடிவிளிம்பை உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுங்கள்.

ரசம் போன இடத்தில் புது ரசம் பூசித் தருகிறேன் என்பார்கள். பழையதை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் பூச முடியும். பூசியபின் உங்களிடம் இருப்பது பழைய சட்டத்தில் புதுக் கண்ணாடி.

வயர்: இங்கே சிக்கனம் கூடாது

சாட்ஸ்வர்த்தில் இருக்கிற என் எலக்ட்ரீஷியன் அண்ணன் முதல் நாளே சொன்னார்: "தம்பி, எரியுதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல." துணி சுற்றிய ரப்பர் வயரை லேசாக மடித்தார். மேலுறை பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

பழைய ஐரோப்பிய வயரில் நிறத்தை நம்பினால் உயிருக்கே ஆபத்து. நம் ஊர்ச் சுவருக்குள் சிவப்பு என்றால் லைவ். 1960களின் நடுப்பகுதிக்கு முந்தைய ஜெர்மன் வயரிங்கில் சிவப்புதான் எர்த். ஜெர்மன் விளக்கை உள்ளூர்ப் பழக்கத்தில் இணைத்தால் சட்டம் முழுக்கக் கரன்ட் ஏறிவிடும். அதனால் பழைய வயரை முழுக்க எடுத்துவிட்டு, சூடு தாங்கும் புது வயர் போட்டு, பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் என்று இன்றைய நிறத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். சட்டம் உலோகமென்றால் எர்த் கட்டாயம். ஐரோப்பிய இரண்டு முனை பிளக்கை அடாப்டரில் செருகி ஓட்டுவது இங்கே பலரின் பழக்கம். வெட்டிவிட்டு நம் மூன்று முனை பிளக்கை மாட்டுங்கள்.

அமெரிக்கப் பொருள் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம்முடையது 230. ஹோல்டர், சுவிட்ச் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கூடுமானவரை வாங்காமலிருப்பது நல்லது.

பல்பில் எல்.இ.டி.க்கு மாறுங்கள் என்பேன். அசல் பிரியர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஆறு 40 வாட் பல்பு என்றால் ரசத்துக்குப் பின்னால் 240 வாட் அடுப்பு. 2700 கெல்வின் (இதமான மஞ்சள் ஒளி), நிறங்கள் இயல்பாகத் தெரிவதைக் காட்டும் சி.ஆர்.ஐ. எண் 90க்கு மேல் என்று பார்த்து வாங்கினால் முகம் பழைய மாதிரியே தெரியும். லினெஸ்ட்ராவுக்கும் அதே காலோடு எல்.இ.டி. வந்துவிட்டது. டியூப்லைட்டில் எல்.இ.டி. குழல் போட்டால் பழைய ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டு, குழலோடு வரும் டம்மி ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். கழற்றிய டியூபில் பாதரசம் உண்டு, உடைக்காமல் ஒப்படையுங்கள்.

லோட் ஷெட்டிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்த நாட்களில், கரன்ட் திரும்பி வரும் அந்த நொடியில் இரண்டு எல்.இ.டி. டிரைவர் (பல்புக்கு மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் பாகம்) போயின. இப்போது எல்லாம் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் சர்ஜ் பிளக் வழியாகத்தான். வீட்டு மெயின் போர்டில், மின்கசிவு இருந்தால் தானே துண்டிக்கும் எர்த் லீக்கேஜ் சுவிட்சை அழுத்திச் சோதித்துவிட்டு மாட்டுங்கள். குளியலறையில் பழைய விளக்குக் கண்ணாடி வேண்டாம், அலிபேராக இருந்தாலும் சரி. ஆசைதான் பெரிது என்றால் வயரை எடுத்துவிட்டு வெறும் கண்ணாடியாக மாட்டுங்கள்.

மாட்டுவது

செங்கல் சுவரில் திருகைப் பிடித்துக்கொள்ளும் 8 மி.மீ. ரால் பிளக், இரண்டு இடத்தில். பழைய ஒற்றைக் கொக்கியையும் சங்கிலியையும் நம்பாதீர்கள். சுவருக்கும் பின்தகட்டுக்கும் நடுவில் காற்று போக ஒரு விரல் இடைவெளி விடுங்கள். ஒளிவட்டமும் அப்போதுதான் விரியும்.

சிலிகான் போட்டு ஒட்ட நினைத்தால் டியூபைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது ரசத்தைத் தின்னும். நியூட்ரல் என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

மாட்டி முடித்ததும் இரண்டு மணி நேரம் எரியவிட்டு, பக்கத்திலேயே இருங்கள். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு விளிம்பைத் தொடுங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் வாட்டைக் குறையுங்கள். கழற்றிய பல்பு, ஹோல்டர், பழைய வயரின் ஒரு துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, எங்கே எப்போது வாங்கினீர்கள், வயர் மாற்றிய தேதி என்ன என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். எனக்குப் பதினொரு பை இருக்கிறது. ஒன்பதில் சீட்டு உண்டு.